‘அத்தான்’ என்று கத்திய இன்ஸ்பெக்டர்

தெரியாத பாஷைப் படத்துக்கு மைக்கில் தமிழ்க்கதை சொல்லிப் பிழைப்பதைப் போலப் பாவப்பட்ட தொழில் வேறில்லை. என்னைப் போல் தொண்டை கெட்டவர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

மெர்டேக்கா, அதாவது மலாய் நாட்டுச் சுதந்திரம் வந்த சமயம். பண்டார் ஹிலிர் பக்கமிருந்த எங்கள் தியேட்டரில் முதலாளி பிரெஞ்சுப் போலீஸ் படங்களாகக் கொண்டுவந்து இறக்கினார். பாட்டுக் கிடையாது, சிரிப்புக் கிடையாது. மழை, கோட்டு, சிகரெட்டு, கடைசியில் ஒரு சாவு. கீழே ஓடும் இங்கிலீஷ் எழுத்தைப் படித்து நான் தமிழில் சொல்ல வேண்டும். சின்னக் கத்தலுக்கெல்லாம் எழுத்தே வராது. அங்கேதான் என் மானம் போகும்.

முன்வரிசைப் பிள்ளை

காஜா பேராங் செட்டிக் கிராமத்திலிருந்து ஒருவர் தவறாமல் வருவார். பெயர் பிள்ளை, நெற்றி நிறைய விபூதி, தமிழ் மட்டும் தெரியாது. வீட்டில் தலைமுறைகளாக மலாய்தான். “நான் சொல்வது புரியாமல் ஏனய்யா வருகிறீர்கள்?” என்று மலாயில் கேட்டுத் தொலைத்தேன். பேச்சே வேண்டாம், படத்திலிருப்பவன் எப்படியும் சாகத்தான் போகிறான் என்று பட்டென்று சொல்லிவிட்டார் மனுஷன்.

“தா பாயா சாக்காப் லா. டியா மெஸ்தி மாத்தி.”

மாத்தா-மாத்தாவின் உறவுமுறை

ஒரு படத்தில் திருடன் துறைமுகத்தில் ஓடுகிறான். அவன் பெண்டாட்டி பின்னாலிருந்து “அத்தான்!” என்று கத்துகிறாள். சத்தியமாக அப்படித்தான் காதில் விழுந்தது. கொட்டகையில் ஒரே கைதட்டல். நானும் உற்சாகமாக “அத்தான்! என்னை விட்டுப் போகாதீங்க!” என்று மைக்கில் உருகினேன்.

அடுத்த நொடி, துரத்தி வந்த இன்ஸ்பெக்டரும் “அத்தான்!” என்றான். எனக்கு வியர்த்துவிட்டது. வாய்க்கு வந்தபடி, இன்ஸ்பெக்டர் அவள் கூடப்பிறந்த தம்பி என்று அடித்துவிட்டேன். அதற்குள் மற்ற மாத்தா-மாத்தா, அதாவது போலீஸ்காரர்கள், திருடனைச் சுட்டுவிட்டார்கள். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“அக்கா தாலிய அறுத்துட்டானேய்யா, இந்த மாத்தா-மாத்தா!”

கச்சாங் அஞ்சலை

தியேட்டர் வாசலில் கச்சாங் கடலை விற்கும் அஞ்சலை, படம் ஆரம்பித்ததும் உள்ளே வந்து என் பக்கத்தில் உட்காருவாள். அன்று நான் ‘தம்பி’ என்றதும் எழுந்து வெளியே போய்விட்டாள். டிக்கெட் கிழிப்பவர்தான் விஷயத்தைச் சொன்னார். கம்யூனிஸ்டுகளைப் பிடிக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்தில், ஊரடங்கு நேரத்தில் ரப்பர் தோட்டத்தை விட்டு வெளியே போன அவள் புருஷனைச் சுட்டுவிட்டார்கள். சுட்ட கூட்டத்தில் போலீஸ் உடுப்போடு நின்றவன் அவள் சொந்தத் தம்பி. அன்றிலிருந்து அவனோடு பேச்சில்லை. ஞாயிறானால் அவன் எதிர்ச்சாலை மரத்தடியில் வந்து நிற்பான், இவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

என் வாய்க்கு வேறு உறவு கிடைக்கவில்லையா? மறுநாள் அவளே வந்து கேட்டாள்.

“சுடறதுக்கு முன்ன அந்தத் தம்பிக்காரன் ஒரு வார்த்தை நில்லுன்னு சொல்லக்கூடாதாண்ணே?”

பாதிரியார் சொன்ன அர்த்தம்

புதுச்சேரியில் தமிழ் கற்ற பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் அதே படத்தின் ஞாயிறு மதியக் காட்சிக்கு வந்தார். படம் முடிந்ததும் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“அவள் சொன்னதும் அவன் சொன்னதும் அத்தான் இல்லை மகனே. எங்கள் பாஷையில் அதற்கு ‘நில்லு’ என்று அர்த்தம்.”

அஞ்சலை கச்சாங் சுற்றிக்கொண்டிருந்தாள். காகிதம் கையிலிருந்து நழுவிக் கடலையெல்லாம் தரையில் சிதறியது. எதிரே மரத்தடியில் அவள் தம்பி வழக்கம்போல் நின்றிருந்தான். அவள் முகத்தைத் திருப்பாமல் அந்தப் பக்கமே பார்த்தாள்.

“எந் தம்பியும் ‘நில்லுங்க அத்தான்’னு கத்துனேன்னுதாண்ணே சொன்னான், நாந்தான் நம்பல. போயி அவனக் கூப்புடுங்க, எனக்குக் கால் வரல.”

பிரெஞ்சுக்கே அர்த்தம் சொன்ன எனக்கு, அந்தச் சாலையைத் தாண்டிப் போய் அவனை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று ஒரு வார்த்தை வரவில்லை.