கருத்தக்கண்ணன் பார்த்த படம்

ஒரு படம் தேறுமா தேறாதா என்பது செல்லூரில் சனிக்கிழமை காலை எட்டரை மணிக்குத் தெரிந்துவிடும். குறைந்தபட்சம் கருத்தக்கண்ணன் வேலை பார்க்கும் விசைத்தறிக் கூடத்தில் தெரிந்துவிடும். வெள்ளிக்கிழமை பகல் ஷிப்ட் முடிந்ததும் அவர் குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு மாலைக் காட்சிக்குக் கிளம்பிவிடுவார். மறுநாள் காலை கூடத்துக்குள் நுழையும்போது தறிக்காரர்கள் பதினோரு பேரும் அவர் கையைத்தான் பார்ப்பார்கள். உள்ளங்கையை மேலே தூக்கினால் குடும்பத்தோடு போகலாம். கன்னத்தில் கை வைத்துத் தலையைச் சாய்த்தால் ஏசிக்காகப் போகலாம். தோளில் கிடக்கும் துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டாரென்றால், அந்தப் படத்தை எடுத்தவரை அழகர்தான் காப்பாற்ற வேண்டும்.

வாயால் சொன்னால் என்ன என்று கேட்பவர்கள் அந்தக் கூடத்தில் ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டும். பன்னிரண்டு தறிகள் ஓடுகிற இடத்தில் பக்கத்தில் இடி விழுந்தாலும் காதில் விழாது. கைஜாடையும் வாயசைவும்தான் அங்கே பேச்சு. பேசுவதற்காகத் தறியை நிறுத்தும் வழக்கமே கிடையாது. தறி நின்றால் நெய்கிற துண்டு குறையும், துண்டு குறைந்தால் கூலி குறையும். கல்யாணச் சேதியோ சாவுச் சேதியோ, எதுவானாலும் ஓடுகிற தறிக்கு மேலேதான் போய்ச் சேரும்.

கருத்தக்கண்ணனுக்கு ஐம்பத்து நான்கு வயது. ஒண்டிக்கட்டை. மூன்று தங்கைகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது தலை நரைத்திருந்தது. சரி, இனி யார் வந்து என்ன செய்ய என்று மாடி வீடு ஒன்றைப் பிடித்துத் தனியாக இருந்துவிட்டார். அதில் அவருக்குப் பெரிய வருத்தமில்லை, தேங்காய் விஷயம் தவிர. தனியாளுக்கு அரை மூடியே அதிகம். மீதி அரை மூடி மூன்று நாள் அவரை முறைத்துக்கொண்டே கிடக்கும். வீட்டைப் பூட்டினோமா என்று பாதித் தெருவில் சந்தேகம் வந்தால் திரும்பி நடப்பதும் அவரே, பூட்டு தொங்குவதைப் பார்த்துத் தன்னைத் திட்டிக்கொள்வதும் அவரே. ஆனால் எந்தப் படத்துக்கும் ஒற்றை டிக்கெட் கிடைத்துவிடும். குடும்பஸ்தன் நாலு சீட்டைச் சேர்த்துப் பிடிக்க அல்லாடும்போது இவர் நடு வரிசையில் கால் நீட்டி உட்கார்ந்திருப்பார். ஒண்டிக்கட்டைக்கு ஆண்டவன் செய்த சீர் அது ஒன்றுதான் என்பார்.

அவருடைய சினிமாக் கருத்துகளில் ஒன்று தெருவுக்கே தெரியும். கதாநாயகர்கள் தாடி வளர்க்க ஆரம்பித்த பிறகுதான் தமிழ் சினிமா கெட்டுப்போனது என்பார். பெரிய விமர்சனம் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். சங்கதி வேறு. இருபத்தெட்டு வருடத் தறிச் சத்தம் அவர் காதைத் தின்றுவிட்டிருந்தது. நாலைந்து வருடமாகவே பாட்டும் சண்டையும் சத்தமாகக் கேட்கும், பேச்சு மட்டும் பிடிபடாது. தறிக்கூடத்தில் பழகிய பழக்கத்தில் நடிகர்களின் வாயசைவைப் பார்த்தே கதையைப் பிடித்துக்கொள்வார். தாடிக்கும் மீசைக்கும் நடுவே ஒருவன் என்ன பேசினான் என்பதை யார் கண்டது?

இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லப் பயம். வெள்ளிக்கிழமை படம் பார்த்துவிட்டு வந்தால்தான் சனிக்கிழமை நாலு பேர் அவர் முகத்தைப் பார்க்கிறார்கள். வீட்டுக்கார அம்மா சூடாமணி கூட அன்றுதான் மாடியேறி வந்து, ‘படம் எப்படிண்ணே?’ என்று கேட்கிறார். வாரத்தில் மற்ற ஆறு நாளும் அவரிடம் கேட்க யாருக்கும் ஒன்றுமில்லை. காது கேட்காதவனிடம் போய்ப் படம் எப்படி என்று எவன் கேட்பான்?

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இவருக்கு ஒரு டப்பிங் படத்தில் சறுக்கியது.

வேறு மொழியில் எடுத்துத் தமிழில் பேச்சை ஒட்டிய படம். திரையில் எல்லோரும் வாயை அசைத்தார்கள், ஒருவர் வாயிலும் தமிழ் இல்லை. வழக்கமாக இப்படிப்பட்ட படத்துக்குத் துண்டை உதறிவிடுவார். ஆனால் இதில் நடித்தவர்களின் முகம் அவரைப் பிடித்து உட்கார வைத்துவிட்டது. ஒரு கிணறு. அதன் இரண்டு பக்கமும் இரண்டு பேர். மூத்தவன் எங்கே போனாலும் இளையவன் பின்னாலேயே போகிறான். கடைசியில் அதே கிணற்றடியில் மூத்தவன் கையைப் பிடித்துக்கொண்டு இளையவன் அழுகிறான். சொத்துத் தகராறில் பிரிந்த அண்ணன் தம்பி என்று கருத்தக்கண்ணன் முடிவு கட்டினார். இருட்டில் அவரும் அழுதார். மறுநாள் உள்ளங்கையை இரண்டு தடவை தூக்கி, அண்ணன் தம்பி கதை என்று ஜாடையிலும் சொன்னார். சூடாமணியிடம் கிணற்றிலிருந்து தொடங்கி முழுக் கதையையும் சொன்னார். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே போனார்.

ஞாயிற்றுக்கிழமை சூடாமணி தன் மருமகள் ஸ்வப்னாவை அழைத்துக்கொண்டு போனார். பக்கத்துத் தறி பாண்டியராஜன் பெண்டாட்டி பிள்ளைகளோடு போனான். மூத்தவன் கொலைகாரனாம். இளையவன் அவனைத் துப்புத் துலக்கும் போலீஸாம். கிணற்றுக்குள் பிணமாம். கடைசியில் அவன் கையைப் பிடித்தது விலங்கு மாட்டவாம்.

அன்று சாயங்காலமே சூடாமணி மாடியேறி வந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் கருத்தக்கண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டார். டீ போடுகிறேன் என்று சொல்லி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். டீயைப் போட்டுத் திரும்பியபோது அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மூணு தடவை கூப்பிட்டேண்ணே,” என்றார், வாய் நன்றாகத் தெரியும்படி. “எம்புட்டு நாளா இப்படி?”

கருத்தக்கண்ணன் டீயைக் கீழே வைத்தார். பொய் சொல்ல வாய் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னார், தாடி உட்பட. யாரிடமும் சொல்லிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். தாடிக் கதையைக் கேட்டதும் சூடாமணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்து முடித்து, நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று உத்தரவு போட்டுவிட்டுக் கீழே இறங்கினார்.

காதுக்கு ஒரு சின்ன மிஷின் வந்தது. அதை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த அன்றுதான், தன் மின்விசிறி கிழட்டு மாட்டு வண்டி மாதிரி முனகுவது அவருக்குத் தெரிந்தது. குளிக்கும்போது தான் பாடும் பாட்டை நாற்காலியில் உட்கார்ந்து பாடி, முதன்முறையாக ஒழுங்காகக் கேட்டார். கேட்டுவிட்டு, இத்தனை வருடம் பொறுத்துக்கொண்ட தெருவை நினைத்து உருகிப்போனார். கீழ் வீட்டில் மாமியாரும் மருமகளும் பேசுவது தெளிவாகக் கேட்டது. தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்களோ என்று ஜன்னலோரம் நின்று கேட்டார். அவர்கள் பேசியது அவர்கள் வீட்டு மொழியான சௌராஷ்டிரம். காது வந்தும் பாதிக் கதை புரியாத தலையெழுத்து தனக்கு என்று சிரித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மிஷினோடு படத்துக்குப் போனார். எல்லாமே கேட்டது. கதாநாயகன் இரண்டரை மணி நேரமும் பேசினான். அவன் மூச்சு வாங்கிய இடத்தில் பின்னால் உட்கார்ந்திருந்தவர் போனில் பேசினார். மனிதர்கள் இம்புட்டுப் பேசுவார்களா என்று கருத்தக்கண்ணனுக்கு மலைப்பாக இருந்தது.

சனிக்கிழமை காலை அவருக்குக் கூடத்துக்குள் நுழையவே மனமில்லை. சூடாமணி யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் பாண்டியராஜன் படம் பார்த்தவன். கொலைகாரனை அண்ணனாக்கியதை அவன் சொல்லாமல் இருப்பானா? வாரம் முழுக்க அவன் முகத்தைப் பார்க்காமலே ஓட்டியாகிவிட்டது. சத்தம் தாங்காது என்பதால் மிஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, குனிந்த தலையோடு தன் தறிக்குப் போனார். கையைத் தூக்கவுமில்லை, துண்டை உதறவுமில்லை.

காலடியில் தரையின் அதிர்வு குறைந்த மாதிரி இருந்தது. நிமிர்ந்து பார்த்தார். பாண்டியராஜன் தறியை நிறுத்தியிருந்தான். பாவு நூல் அறுந்ததோ என்று பார்த்தால் அதுவுமில்லை. அடுத்த தறி நின்றது. அதற்கடுத்ததும் நின்றது. கடைசியில் ஒரு தறியும் ஓடவில்லை. கரண்ட் போனால் தவிர, இருபத்தெட்டு வருடத்தில் அந்தக் கூடம் வேலை நேரத்தில் நின்று அவர் பார்த்ததில்லை. பாண்டியராஜன் அவருடைய சட்டைப் பையைக் காட்டி, மிஷினை எடுத்து மாட்டச் சொன்னான். மருந்துக் கடையில் ஸ்வப்னா அவன் பெண்டாட்டியிடம் சொன்ன காது மிஷின் சேதி, செல்லூர் முழுக்க அதற்குள் ஒரு சுற்று வந்திருந்தது.

கருத்தக்கண்ணன் மிஷினை மாட்டினார். இவ்வளவு நாள் ஏமாற்றியதற்குக் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்தார். கேட்கட்டும், கேட்க வேண்டியதுதான் என்றும் நினைத்தார்.

“அண்ணே, நேத்துப் பாத்த படம் கெடக்கட்டும்,” என்றான் பாண்டியராஜன். “அந்த அண்ணன் தம்பி ரெண்டு பேரும் எப்பச் சேருவாகன்னு கடைசி வரைக்கும் உக்காந்து பாத்தோம். சேரவே இல்ல. எம் பொண்டாட்டி இன்னும் பொலம்பிக்கிட்டு இருக்கா. நீங்க பாத்த கதையைச் சொல்லுங்க, அவகிட்டப் போய்ச் சொல்லணும்.”

பின்னாலிருந்து இன்னொருவன், கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கண்ணே, இங்கே எங்களுக்கும் காது அப்படித்தான் என்றான்.

கருத்தக்கண்ணன் தோள் துண்டை எடுத்தார். படம் மோசம் என்று உதறப் போகிறார் என்று நினைத்தார்கள். அவர் அதில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “மொதல்ல ஒரு கெணறு,” என்று தொடங்கினார்.