ஒரு கீறல்கூட இல்லாத கார்

என் அத்தானுக்குத் தெருவில் 'கீறல்' என்று பெயர். நேரில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை, ஆனால் அவருக்கும் தெரியும். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். வேலை பார்த்த பயிற்சிப் பள்ளியை மூடியபோது, அங்கிருந்த பழைய காரை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக் உள்ள கார். அதன் வயதுக் கார்கள் எல்லாம் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போய்விட்டன. இது மட்டும் ஒரு கீறல்கூட இல்லாமல் நிற்கிறது. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் அதை எங்கேயாவது இடித்துவிடத் துடிப்பார்கள். அத்தானின் கால் பிரேக்கை விட்டு எழுந்ததே இல்லை. பழக்கதோஷம், வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் கால் தரையை அழுத்திக்கொண்டுதான் இருக்கும். "தரை எங்கேயும் ஓடிடாதுங்க, சாப்பிடுங்க" என்பாள் அக்கா.

இப்பேர்ப்பட்ட மனிதரிடம்தான் நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். பலன், லைசென்ஸ் தேர்வில் இரண்டு முறை தோல்வி. முதல் முறை, ஓரமாக நின்ற சைக்கிளுக்கும் எனக்கும் நடுவே ஒரு லாரி புகுந்து போகலாம், அப்போதே நிறுத்திவிட்டேன். "ஏம்மா நிறுத்தினீங்க?" என்றார் அதிகாரி. "கீறல் விழும் சார்" என்றேன். இரண்டாம் முறை, கம்பங்களுக்கு நடுவே பின்னால் எடுக்கச் சொன்னார். பாதி வந்ததும் காரை விட்டு இறங்கி, பின்னால் போய், கம்பத்துக்கும் காருக்கும் இடையே கையை விட்டு அளந்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அவர் பேனாவை மூடிவிட்டார்.

மூன்றாவது தேர்வை விட்டால் எனக்கு வேறு கதி இல்லை. நான் வேலை பார்ப்பது ஒரு சலவை நிலையத்தில், இஸ்திரி மேசையில். நாள் முழுக்க ஆவியில் நின்று, சாயங்காலம் என்னையே மடித்து அலமாரியில் வைக்கலாம் போல இருப்பேன். துணி கொண்டுபோகும் வேனை ஓட்டியவர் வேலையை விட்டுவிட்டார். "லைசென்ஸ் வாங்கிட்டு வா, வேன் உனக்குத்தான். திங்கட்கிழமை வரைக்கும் பார்ப்பேன், அப்புறம் வெளியில ஆள் எடுத்துடுவேன்" என்றார் முதலாளியம்மா. தேர்வு வெள்ளிக்கிழமை. அந்த ஆவியிலிருந்து வெளியே போக எனக்கு இருந்த ஒரே வழி அதுதான்.

வியாழன் மதியம் கடைசி ஒத்திகைக்கு ஏறினேன். இடது இண்டிகேட்டரைப் போட்டதும் டிக்டிக்டிக்டிக்கென்று பறந்தது. வலது பக்கம் போட்டால் நிதானமாக, டிக்... டிக்... அத்தான் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

"பின்னாடி விளக்கு எரியல. ஒண்ணு எரியலேன்னா முன்னாடி இருக்கறது இப்படித்தான் அவசரப்படும்" என்றார்.

"நாளைக்கு அதைப் பார்ப்பாங்களா அத்தான்?"

"முதல்ல அதைத்தான் பார்ப்பாங்க. எரியலேன்னா உன்னை ஏறவே விடமாட்டாங்க."

"கையைக் காட்டிட்டுத் திருப்பினா ஆகாதா?" என்று வாசலிலிருந்து அக்கா கேட்டாள். அத்தான் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

புது பல்பு போட்டார். எரியவில்லை. வலது பக்கத்துப் பல்பைக் கழற்றி இடது பக்கம் போட்டார். ஊஹூம். ஒயரைச் சோதித்தார், கரண்ட் வந்தது. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"மெக்கானிக்கைக் கூப்பிடுங்களேன்!"

"அவன் வண்டி மேல சாய்ஞ்சு நிப்பான். பெல்ட் பக்கிள் உரசும்."

"கடவுளே! என் பொழப்பே உரசிட்டு இருக்கு, உங்களுக்குப் பக்கிளா?"

அவர் ஒரு துண்டு ஒயரை எடுத்து, ஒரு முனையை விளக்கின் உலோக அடியிலும் மறுமுனையை டிக்கிக்குள் இருந்த ஒரு போல்ட்டிலும் வைத்தார். விளக்கு பளிச்சென்று எரிந்தது. நான் கைதட்டினேன். அத்தான் ஒயரைக் கீழே போட்டுவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"வந்த கரண்ட் வண்டியோட இரும்பு வழியாத் திரும்பிப் போகணும். போக முடியல. நடுவுல பெயின்ட் இருக்கு."

"அங்க யார் பெயின்ட் அடிச்சது?"

அவர் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டார். போன ஞாயிற்றுக்கிழமை விளக்கைக் கழற்றிவிட்டு அவர் ஏதோ செய்துகொண்டிருந்தது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அதற்கப்புறம் வியாழன் வரை வண்டியை எடுக்கவே விடவில்லை. விளக்குக்கு அடியில், கழற்றினாலொழிய எவர் கண்ணுக்கும் தெரியாத இடம் அது.

"உன் டெஸ்ட்டுக்கு வண்டி நல்லா இருக்கட்டுமேன்னு அடிச்சேன்" என்றார்.

திட்டுவதற்கு வாயைத் திறந்திருந்தேன். அப்படியே மூடிக்கொண்டேன். இந்த மனிதரை என்ன செய்வது!

விளக்கைக் கழற்றினார். ஸ்க்ரூடிரைவரைப் பெயின்ட் அருகே கொண்டுபோனார், திரும்ப எடுத்தார். மறுபடி கொண்டுபோனார். கடைசியில் அதை என்னிடம் நீட்டினார்.

"என்னால ஆகாது. நீயே சுரண்டு."

முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் சுரண்டினேன். கொஞ்சம் கொஞ்சமாக இரும்பு தெரிந்தது. அவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். இன்னும் ஒரே ஒரு இழுப்பு என்று அழுத்தினேன். கை வழுக்கி, ஸ்க்ரூடிரைவர் வெளியே பாய்ந்து, காரின் பக்கவாட்டில் ஒரு சாண் நீளத்துக்குக் கோடு போட்டுவிட்டது. அந்தச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

அத்தான் திரும்பினார். குனிந்து, அந்தக் கோட்டை விரலால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தடவினார்.

"விளக்கை மாட்டி போல்ட்டை முடுக்கு" என்றார்.

முடுக்கினேன். இண்டிகேட்டரைப் போட்டேன். டிக்... டிக்... என்று நிதானமாக அடித்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அத்தான், நான் வேணும்னு செய்யல..."

"அழாதே. இனிமே கீறல் விழுமோன்னு பயந்து பயந்து ஓட்ட வேணாம். அதான் விழுந்துடுச்சே."

மறுநாள் அதே அதிகாரி. என்னைக் கண்டதும் ஒரு பெருமூச்சு விட்டார். காரைச் சுற்றி வந்து விளக்குகளைப் பார்த்தார். கோட்டின் அருகே நின்று, "இது புதுசா இருக்கே?" என்றார். "எங்க வீட்டுப் பொண்ணு போட்டது சார்" என்றார் அத்தான், ஏதோ நான் பரிசு வாங்கி வந்த மாதிரி.

சைக்கிள்களைத் தாண்டிப் போனேன். கம்பங்களுக்கு நடுவே பின்னால் எடுத்தேன். இறங்கிப் பார்க்கவில்லை. சரியாகக் கொண்டுவந்து நிறுத்தியதும், அதிகாரி பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தார்.

அத்தானைத் தேடினேன். தூரத்தில் மதில்சுவர் மேல் ஏறி உட்கார்ந்திருந்தார். இரண்டு கால்களும் சும்மா தொங்கிக்கொண்டிருந்தன.