நேரத்துக்குச் சாப்பிட்ட எங்கள் அக்கா

எங்கள் அக்கா இல்லாமல் ஓர் ஆண்டு ஓடிவிட்டது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்கள், நண்பர்கள் எல்லோரும் அக்கா கையால் ஒரு வேளையாவது சாப்பிட்டவர்கள்தாம். அவர் போட்ட சாப்பாட்டைப் பற்றி நீங்களே பேசுவீர்கள். நான் எழுத வந்திருப்பது அவர் சாப்பிட்ட சாப்பாட்டைப் பற்றி. சிரிக்காதீர்கள். அவர் வாழ்க்கையில் என்னை வாயடைத்து நிற்க வைத்தது அதுதான்.

அன்னூர்ப் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீட்டில் மூத்த மகளாகப் பிறந்தார். பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு கல்யாணம். மாமாவுக்குத் துடியலூரில் லேத் பட்டறை. மோட்டார் பம்புக்கு உதிரி பாகங்கள் கடைந்து கொடுப்பார். வீட்டுக்குப் பின்னாலேயே பட்டறை. மாமனார், மாமியார், பட்டறை ஆட்கள், வந்துபோகும் விருந்தாளிகள் என்று அடுப்புக்கு ஓய்வே இல்லாத வீடு. எல்லோருக்கும் போட்டு, பாத்திரமும் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் அக்கா தமக்கு ஒரு தட்டு எடுப்பார். பல நாள் அதுவும் இல்லை, ஒரு டம்ளர் காப்பியோடு சரி. முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் தாமாகவே கேட்டு வாங்கிய மாத்திரையும் அந்த வெறும் வயிற்றில்தான் விழும். "சாப்டீங்ளா?" என்று யார் கேட்டாலும் பதில் ஒன்றே: "ஆச்சுங்க." நம் பக்கத்தில் அது பதிலா என்ன? மரியாதை. 'இல்லை' என்றால் கேட்டவர் எழுந்து தட்டு வைக்க வேண்டி வருமே!

வயிறு எரிகிறது என்பார், சோடா குடிப்பார், மறுபடி அடுப்படிக்குப் போவார். மலம் கறுப்பாகப் போனதை யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் காலை தோசைக்கல்லுக்கு முன்னால் அப்படியே சரிந்தார். ஆர்.எஸ்.புரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது, மறுநாள் வெறும் வயிற்றில் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்றார்கள்.

மறுநாள் நர்ஸ் வந்து கேட்டார்: "ஏதாச்சும் சாப்டீங்ளாம்மா?"

"ஆச்சுங்க," என்றார் அக்கா.

நர்ஸ் தலையில் கைவைத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினார். நான் பதறிப்போனேன். "அக்கா, என்ன சாப்ட்டே? யாரு குடுத்தா?"

"பச்சத்தண்ணி கூட இல்ல கண்ணு. மரியாதயாக் கேட்டாங்க, சொல்லிப்போட்டேன்."

டாக்டரம்மாவிடம் விஷயத்தைச் சொன்னதும் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. கட்டிலோரம் உட்கார்ந்து, "எத்தன வருசமா இப்படியே சொல்லிட்டு இருக்கீங்கம்மா?" என்றார். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

குழாய் விட்டுப் பார்த்ததில் இரைப்பையில் புண், கூடவே கிருமி. "ரெண்டுக்கும் மருந்து தர்றேன். இனி வலி மாத்திரைய என்னக் கேக்காமத் தொடக்கூடாது. வேளாவேளைக்குச் சாப்பிடணும். இன்னொருக்கா இப்படி ரத்தம் போச்சுன்னா காப்பாத்தறது கஷ்டம்," என்றார் டாக்டரம்மா.

வீட்டுக்கு வந்தால் ஆளுக்கொரு வைத்தியம். மணிக்கொரு தரம் பால் குடிக்கச் சொன்னார் ஒருவர். அக்கா டாக்டரம்மாவையே கேட்டார்: பால் அந்த நேரத்துக்கு இதமாக இருக்கும், அப்புறம் அமிலத்தைக் கூட்டிவிடும் என்று பதில் வந்தது. கஞ்சியோடு கிட என்றார் இன்னொருவர். அதையும் அக்கா கேட்கவில்லை. எது தம் வயிற்றில் எரிகிறதோ அதை மட்டும் விட்டார். காலையில் இடியாப்பம் மாதிரிப் பிழிந்த சந்தகையும் தேங்காய்ப் பாலும், மத்தியானம் மிளகாய் குறைத்த அரிசிம்பருப்புச் சாதமும் மணத்தக்காளிக் கீரையும், சாயங்காலம் ஒரு வாழைப்பழம், இருட்டியதும் வெள்ளனவே இட்லி. வெறும் வயிற்றுக் காப்பிக்கு ஒரு கும்பிடு. புண்ணை ஆற்றியது மாத்திரை என்பார் டாக்டரம்மா. கீரையையும் சேர்த்துக்கொள்வார் அக்கா.

நாக்கைக் கட்டுவது பெரிதில்லைங்க. எல்லோருக்கும் முன்னால் சாப்பிட உட்காருவதுதான் பெரிது. முதல் நாள் மத்தியானம் அக்கா தமக்குத் தட்டு வைத்ததும் மாமியார் திகைத்துப்போனார்.

"ஏன் அம்மணி, ஆம்பளைங்க இன்னும் உக்காருலியே?"

"அவிய வருட்டுங்க அத்தை. எனக்கு நேரமாச்சு."

நான் பார்த்துக்கொண்டிருக்க அக்கா சோற்றைப் பிசைந்தார். உருண்டை வாய்க்குப் போயிற்று.

இதற்கெல்லாம் மேலே ஒன்று நடந்தது, அவர் மகள் கல்யாணத்தில். சம்பந்தி வீட்டார் கை நனைக்கும் முன் பெண்ணைப் பெற்றவள் சாப்பிடுவதாவது! பந்தி தாமதமாகிக்கொண்டே போனது. அன்று ஒருநாள் பொறுத்துக்கொள் என்று நாங்கள் எல்லோரும் கெஞ்சினோம். அக்கா நேரே சம்பந்தியம்மாவிடம் போய்க் கைகூப்பினார்.

"ஏனுங்க, தப்பா நெனைக்காதீங்க. நான் வயித்துல புண்ணு வந்து செத்துப் பொழச்சவ. நேரத்துக்குச் சாப்புடோணும். முன்னால உக்காந்துக்கட்டுங்களா?"

மண்டபமே எங்களைப் பார்ப்பதுபோல் இருந்தது. எனக்கு உயிரே இல்லை. சம்பந்தியம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குந்தானுங்க காலைலிருந்து பசிக்குது. இருங்க, நானும் வாரேன்," என்றார்.

இருவரும் அடுத்தடுத்த இலையில் உட்கார்ந்தார்கள். அடேயப்பா, எங்கள் அக்காவா இது என்று பிரமித்து நின்றேன். இன்று நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது.

அந்தப் புண் அப்புறம் திரும்பவே இல்லை. பேரன் பேத்தி எடுத்தார், மருதமலைப் படியும் ஏறினார். கடைசியில் இதயம் நின்றுதான் போனார். அன்று மத்தியானமும் நேரத்துக்குச் சாப்பிட்டிருந்தார்.

அன்று அவரைக் காப்பாற்றிய டாக்டரம்மாவுக்கும், நர்ஸ் அம்மாவுக்கும், இரத்தம் கொடுத்த பட்டறைத் தம்பிகளுக்கும், சம்பந்தியம்மாவுக்கும், இறுதி நாளில் எங்களோடு நின்ற துடியலூர் அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குடும்பம் நன்றியோடு தலைவணங்குகிறது.

விருந்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்றைய நினைவுச் சாப்பாட்டில் முதல் பந்தி, காலையிலிருந்து அடுப்படியில் நிற்கும் பெண்களுக்கு. நீங்கள் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். மாமாதான் பரிமாறுகிறார். இத்தனை வயதில் இன்றுதான் கரண்டி பிடிக்கிறார், கொஞ்சம் சிந்தும்.