பனிக்கட்டிக்கு அடியில் ஓர் ஊரும் என் மச்சாளும்

அந்தப் புத்தகத்தின் முதுகு உப்பிப்போயிருக்கிறது. பருப்புச் சட்டியின் ஆவி பட்டதும், ஒரு நாள் பனியில் கிடந்து நனைந்ததும் சேர்ந்து, தாள்கள் பொரித்த அப்பளம்போல நெளிந்துவிட்டன. அட்டையில் சாம்பல் நிறத்தில் ஓர் உறைந்த ஏரி. அதன் நடுவே சிவப்புத் தொப்பி போட்ட ஒரு சிறுமி முழங்காலிட்டுப் பனிக்கட்டியில் காதை வைத்திருக்கிறாள். பின்னட்டையில் மஞ்சள் பெருவிரல் அடையாளம் ஒன்று. அது என் மச்சாளுடையது. இப்போதும் அந்தப் புத்தகத்தை மேசையில் கவிழ்த்துத்தான் வைப்பேன். அந்தச் சிறுமியின் முகம் மேலே பார்த்தபடி இருந்தால் எனக்குச் சமையல் ஓடாது.

மச்சாள் என் கணவரின் அக்கா. நோர்வேயில், ஹவுகன்ஸ்டுவாவில் எங்கள் வீட்டுக்கு நேர் மேல்வீடு. தனியாக இருந்தார். ஹொல்ம்லியாவில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை. நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள். இடம்பெயர்ந்து போன ஊரில் பள்ளிக்கூடத்துக்குள் சனம் குடியிருந்தது, அதன்பிறகு என்னை யாரும் பள்ளிக்கு அனுப்பவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. எழுத்தென்றாலே எனக்குப் பயம். கடிதப்பெட்டியில் உறை தெரிந்தால் யாரோ செத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றும். வெளியே போகும்போது அடுப்பை அணைத்தேனா என்று படியிறங்கிய பிறகு திரும்பிப் போய்ப் பார்க்கிற ஆள் நான். அப்படிப்பட்ட என்னை ஒரு கதைக்குள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனவர் மச்சாள்.

புத்தகம் உண்மையில் என் மகளுக்கு வந்தது. பிள்ளைகளுக்கான மாயக்கதை, மூன்று பாகத்தில் முதலாவது. பள்ளிக்கூடத்தில் வாசிக்கச் சொன்னார்களாம். அவள் இருபது பக்கம் வாசித்துவிட்டுச் சோபாவில் எறிந்தாள். மச்சாள் தேத்தண்ணி குடிக்க வந்தவர் அதை எடுத்தார். தேத்தண்ணி ஆறிப்போனது. மேலே போகும்போது புத்தகமும் கக்கத்தில் போனது.

"மாமி, அது பன்னிரண்டு வயசுப் பிள்ளையளின்ர புத்தகம்!" என்று மகள் சிரித்தாள்.

"அப்ப நல்லம். என்ர நோர்வேஜிய மொழிக்கும் இப்ப பன்னிரண்டு வயசுதான்."

அதன் பிறகு சனிக்கிழமைப் பின்னேரங்கள் எங்கள் சமையலறையில் கதை நேரமாகிப் போயின. நான் மீன் வெட்டுவேன். மச்சாள் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ஒரு பக்கத்தை மனதுக்குள் வாசித்து, பிறகு தமிழில் சொல்லுவார். காட்டுக்குள் ஓர் ஏரி. அதற்குக் கீழே ஓர் ஊர். மேலே காணாமல் போனவர்கள் எல்லோரும் அங்கே இருக்கிறார்கள். அவர்களுக்குத் தாங்கள் காணாமல் போனது தெரியாது. உழுகிறார்கள், சண்டை பிடிக்கிறார்கள், பிள்ளைகளுக்குத் தலை இழுத்துச் சீவுகிறார்கள். மாரிக் குளிரில் மட்டும் வானத்திலிருந்து காலடிச் சத்தம் கேட்கும். பனிக்கட்டியின் மேல் நடக்கிற எங்களுடைய காலடி அது. கேட்டதும் கொஞ்சம் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி வேலையைப் பார்ப்பார்கள். மச்சாள் இதைச் சொன்ன நாளில் நான் மீனை அப்படியே விட்டுவிட்டுக் கையைக் கழுவினேன். கூடத்தில் நடக்கும்போது கால் கூசியது.

அவருக்கோ ஆசை அடங்கவில்லை. கடை விளம்பரத் தாளின் பின்பக்கத்தில் அந்த ஊரின் படம் கீறி எங்கள் குளிர்ப்பெட்டியில் ஒட்டினார். முதியோர் இல்லத்தில் இருந்த ஒரு நோர்வேக் கிழவருக்குச் சூப்புக் கொடுத்தபடி கதை சொல்ல, அவர் வாயைத் திறக்க மறந்துபோனாராம். "அக்காவுக்கு விசர்," என்றார் என் கணவர். "பேரப்பிள்ளை காணுற வயசிலை பேய்க்கதை."

"பேய் இல்லையடா. ஒரு பேயும் இல்லை அதிலை. அதுதான் பயமாக் கிடக்கு," என்றார் மச்சாள்.

கதையில் அந்தச் சிறுமியின் தம்பி காணாமல் போய்விடுகிறான். கடைசிப் பக்கத்தில் அவள் பனிக்கட்டியில் கையால் தட்டுகிறாள். கீழேயிருந்து ஒரே ஒரு தட்டு திரும்பி வருகிறது. அதோடு முதல் பாகம் முடிகிறது. மச்சாள் அதை வாசித்துவிட்டு மேசையில் தன் விரலால் ஒரு தடவை தட்டிக் காட்டினார். நான் திடுக்கிட்டேன். அவர் சந்தோசத்தில் கண் கலங்கி இருந்தார்.

அந்தச் சந்தோசத்தின் வேர் எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும். மச்சாளுக்கும் என் கணவருக்கும் இளையவர் ஒருவர் இருந்தார். சின்னவன் என்பார்கள். ஊரில் நடந்த போரின் கடைசிச் சண்டையில் காணாமல் போனவர். கண்டவர் என்று யாரும் இல்லை, உடலும் இல்லை. எங்கள் வீடுகளில் செத்தவர்களின் படம் ஒரு சுவரில் மாலையோடு இருக்கும். சின்னவனின் படத்தை மச்சாள் அந்தச் சுவரில் வைக்கவில்லை. சமையலறையில், கலண்டருக்குப் பக்கத்தில், உயிரோடு இருக்கிறவர்களின் பக்கத்தில் வைத்திருந்தார்.

அந்த ஆண்டுதான் என் கணவருக்குக் கனவு வரத் தொடங்கியது. "நனைஞ்ச உடுப்போடை வாசலிலை நிக்கிறான் அக்கா. சோறு கேக்கிறான். நான் சட்டியைத் திறந்தா ஒண்டும் இல்லை." கோயில் ஐயரிடம் கேட்டார். தர்ப்பைப் புல்லால் உருவம் செய்து கிரியை செய்யலாம், ஆனால் கூடப்பிறந்த எல்லோரும் சம்மதிக்க வேண்டும் என்றாராம் ஐயர். மச்சாள் மாட்டேன் என்றார்.

"உயிரோடை இருக்கிறவனுக்குப் பிண்டம் வைச்சா அவன்ர ஆயுள் என்ன ஆகும்?"

"செத்தவனுக்கு வைக்காட்டி அவன்ர பசி என்ன ஆகும்?"

இரண்டு பேரும் பேச்சை விட்டார்கள். நான் நடுவில் கறிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு மேலும் கீழும் ஏறி இறங்கினேன். யார் சொல்வது சரி என்று யோசித்தால் இரண்டும் சரியாகவே இருந்தது. அதுதான் என்னைத் தின்றது.

அதற்குள் இரண்டாம் பாகம் கடைக்கு வந்துவிட்டது. ஸ்ட்ரோம்மன் புத்தகக் கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போய், விற்கிற பெடியனிடம் முதல் பாகத்தின் கதையை முழுதாகச் சொல்லி, வாங்கினார். ஆனால் சுற்றியிருந்த பிளாஸ்டிக்கைக் கிழிக்கவில்லை. சனிக்கிழமை வந்தது, போனது. "ஏன் மச்சாள்?" என்று கேட்டேன்.

"அதுக்குள்ளை அந்தத் தம்பிப் பெடியன் செத்திருந்தா?"

பிறகு மெதுவாகச் சொன்னார். "இன்னுமொண்டு. எழுதினவைக்கு எங்கட முறை தெரியாது, பிள்ளை. ஒரு தட்டுக் கேட்ட உடனை அந்தப் பெட்டை துள்ளுறாள். முதல் நானும் துள்ளினன். எங்கட வீட்டிலை என்ன சொல்லித் தந்தவை? ஆளைக் காணாமல் குரல் கேட்டா ஓம் எண்டு பதில் சொல்லாதை. மனிசர் எண்டா மூண்டு தரம் கூப்பிடுவினம். மற்றதுக்கு மூண்டாம் குரல் இல்லை."

எனக்கும் அதே சொல்லித்தான் வளர்த்தார்கள். இங்கே வந்தும், கதவுமணி மூன்று தரம் அடித்த பிறகே திறப்பேன். அதற்குள் தபால்காரர் போய்விடுவார்.

"நான் ஒருக்கால் கேட்டுப் பாக்கப் போறன். பிறகு உன்ர மனிசனுக்கு முடிவு சொல்லுறன். நீ வா."

ஒரு ஞாயிறு மத்தியானம். ஹொல்ம்லியாவில் இறங்கிக் காட்டுக்குள் நடந்தோம். நான் பையில் உடுப்புக் காயப்போடுகிற கயிற்றை எடுத்துப் போயிருந்தேன், பனிக்கட்டி உடைந்தால் இழுக்கலாம் என்று. ஏரியில் ஒரு நோர்வே மனிதர் துளைபோட்டுத் தூண்டிலோடு இருந்தார். என் பையிலிருந்த கயிற்றைக் கண்டு சிரித்து, இதன் மேல் கார் ஓட்டலாம் என்றார். அப்போதுதான் முதல்தரம் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். ஏரியின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு, காலுக்குக் கீழே, நீளமாக ஒரு ஊளை ஓடியது. நான் மச்சாளின் கையைப் பிடித்துவிட்டேன். "பாடுது," என்றார் அந்த மனிதர். "குளிரில் தடிக்குது. நல்லது."

மச்சாள் அவருக்கு எட்டத்தே போய் முழங்காலில் இருந்தார். மேலே கிடந்த பனித்தூளைக் கையால் ஒதுக்கினார். கீழே கறுப்பு. கொண்டுவந்த முதல் பாகத்தைப் பக்கத்தில் வைத்தார். தொப்பியைக் கழற்றிவிட்டுக் காதை வைத்தார். மூன்று தரம் தட்டினார்.

ஒன்றுமில்லை. காற்றும் இல்லை. தூரத்தில் தூண்டில்காரர் குடுவையைத் திறக்கிற சத்தம்கூடக் கேட்டது.

பிறகு அது வந்தது. முன்பு கேட்ட ஊளை போல இல்லை. கிட்ட, மச்சாளின் காதுக்கு நேர் கீழே, "டொக்" என்று ஒன்று. என் பாதத்தில் அது பட்டது. மச்சாளின் வாய் திறந்தது. அந்த "ஓம்" அவருடைய உதடு வரைக்கும் வந்ததைக் கண்டேன். பல்லால் கடித்து உதட்டை மூடிக்கொண்டார். விரலால் ஒன்று என்று எனக்குக் காட்டினார். காத்திருந்தோம். அவருடைய காது சிவந்து, பிறகு வெளுத்துப் போனது. நான் தொப்பியைப் போட்டுவிடப் போனேன், கையைத் தட்டிவிட்டார். வெளிச்சம் மரங்களுக்குப் பின்னால் இறங்கத் தொடங்கும் வரைக்கும் அப்படியே இருந்தார்.

கடைசியில் எழுந்து முழங்காலைத் தட்டினார். "ஒண்டுதான் வந்தது," என்றார். "உன்ர மனிசனைச் செய்யச் சொல்லு."

"மச்சாள், அது பனி இறுகிற சத்தம். அந்த மனிசனே சொன்னவர்தானே. அதை வைச்சு..."

"நட பிள்ளை. உனக்குக் குளிருது."

புத்தகத்தை நான்தான் எடுத்தேன். அடிப்பக்கம் நனைந்திருந்தது.

கிரியை நடந்தது. புல்லால் செய்த அந்தச் சின்ன உருவத்துக்கு மச்சாள் ஒரு துண்டு வேட்டி போர்த்தினார். படம் கலண்டருக்குப் பக்கத்திலிருந்து மாலைச் சுவருக்குப் போனது; அது இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு சதுரம். என் கணவருக்குக் கனவு நின்றுபோனது. சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினார். நான்தான் தூங்கவில்லை. ஒருவேளை அவசரப்பட்டு எழுந்துவிட்டோமோ, இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாமோ என்று படுத்தபடி யோசிப்பேன்.

மச்சாள் அந்தக் கதையை விடவில்லை. மறுபடி முதலிலிருந்து சனிக்கிழமைகளில் சொன்னார், அதே ஆசையோடு, அதே சிரிப்போடு. ஆனால் கடைசிப் பக்கத்துக்கு முன் பக்கத்தில் புத்தகத்தை மூடிவிடுவார். அந்தத் தட்டு வருவதற்கு முன். மூன்றாம் பாகம் வந்தபோது அதையும் வாங்கினார். அதையும் பிரிக்கவில்லை.

போன இலையுதிர்காலத்தில் மச்சாள் காலமானார். அவருடைய படமும் இப்போது மாலைச் சுவரில் இருக்கிறது. மூன்று புத்தகமும் எனக்கு வந்தன. மகள் இப்போது பெரிய பிள்ளை, வேலைக்குப் போகிறாள். ஞாயிறுகளில் வந்து எனக்குப் பக்கத்தில் இருந்து முதல் பாகத்தை நோர்வேஜிய மொழியில் வாசிக்கப் பழக்கினாள். எழுத்தெழுத்தாக, விரல் வைத்து. என் வாழ்க்கையில் நானே வாசித்து முடித்த ஒரே புத்தகம் அதுதான். சென்ற ஞாயிறு கடைசிப் பக்கத்துக்கு வந்தோம். அந்த ஒரு தட்டை நானே என் வாயால் வாசித்தேன்.

"அம்மா, ரெண்டாவதைத் திறப்பமோ?" என்றாள்.

புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு மற்றதைக் கையில் எடுத்தேன். பிளாஸ்டிக்கில் நகத்தை வைத்தேன். அப்போது சூடாக்கிக் குழாயில் "டொக்" என்று ஒன்று கேட்டது. மேல்வீட்டுப் பக்கம். அந்த வீடு இன்னும் வெறுமையாகத்தான் கிடக்கிறது.

"பழைய குழாய், அம்மா," என்றாள் மகள், தொலைபேசியிலிருந்து தலை நிமிராமல்.

நகத்தை எடுக்கவில்லை, கிழிக்கவும் இல்லை. வாயை இறுக மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து இரண்டாவது கேட்டது.

இதை எழுதுகிறபோதும் அந்தப் புத்தகம் பிளாஸ்டிக்கோடு என் மடியில்தான் இருக்கிறது. சிறுமி மேசையில் குப்புறக் கிடக்கிறாள். அவளும் நானும் மூன்றாவதுக்காகக் காது கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.