தாளம் தப்பிய நாள்

நாடு முழுக்க ஒரே பாடத்திட்டம் என்று சொல்லித் தொடக்கப் பள்ளியிலும் இசையைக் கட்டாயமாக்கினார்கள். பழவேற்காட்டு ஏரிக்கு நடுவில் இருக்கிற எங்கள் பள்ளிக்கு ஹார்மோனியமா வரப்போகிறது? ‘வீட்டுப் பொருள்களில் தாளம்’ என்று ஒரு பாடம் இருந்தது. சத்துணவுத் தட்டுகளை எடுங்கள் என்றேன். பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் தாய்மார்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். படகு கவிழ்ந்தால் கரையிலிருந்து தட்டை அடிப்பது இந்த ஊர் வழக்கமாம். அந்தச் சத்தம் கேட்டால் ஏரியில் இருக்கிறவர்கள் வலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வருவார்களாம். இதைப் போய் விளையாட்டாக்கலாமா என்றார்கள். நான் நெல் விளைகிற ஊர்க்காரி, எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். தட்டைக் கவிழ்த்து வைத்து, விரலால் மட்டும், கதவைச் சாத்திக்கொண்டு. அப்படித்தான் ஆதி தாளம் சொல்லிக்கொடுத்தேன். சும்மா சொல்லக் கூடாது, பிள்ளைகள் நன்றாகவே பிடித்துக்கொண்டார்கள்.

அதிகாரி பார்வையிட வந்த அன்று வாடைக் காற்று விளாசிக்கொண்டிருந்தது. வீடியோ எடுக்க வெளிச்சம் போதவில்லை என்று அவர் கதவைத் திறக்கச் சொன்னார். பிள்ளைகள் தாளத்தை ஆரம்பித்தார்கள். வாசலோரம் உட்கார்ந்திருந்த மூன்றாம் வகுப்புப் பெண் பாதியில் நிறுத்தினாள். எழுந்துவந்து என் மேசையில் கிடந்த இரும்பு ஸ்கேலை எடுத்துத் தன் தட்டைத் தடதடவென்று அடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

எனக்கு வந்ததே கோபம்! வேற்று ஆள் முன்னால் மானத்தை வாங்குகிறாளே. நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். கேட்கவில்லை. மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

“வுடு டீச்சர். எங்க படகு கவுந்துடுச்சி.”

அவள் கையை விட்டேன். வாசலுக்கு வந்து பார்த்தால், தூரத்தில் படகின் அடிப்பக்கம் மட்டும் கறுப்பாகத் தெரிந்தது. அதற்குள் அவள் தட்டை அடித்துக்கொண்டே கரைக்கு ஓடிவிட்டாள். பின்னாலேயே நாங்களும் ஓடினோம். ஏரியில் அங்கங்கே நின்ற படகுகள் எல்லாம் ஒன்றுபோலத் திரும்பின.

அவளுடைய நைனாவை, அதாவது அப்பாவை, இழுத்துவந்து குப்புறப் போட்டார்கள். தண்ணீரைக் கக்கினார். கண் திறக்கவில்லை, பேச்சில்லை, ஆனால் மூச்சு இருந்தது. நண்டு வலைக்கு அவர் எப்போதும் தனியாகத்தான் போவார் என்பது ஊருக்கே தெரியும். பிழைத்துக்கொண்டார் என்று ஆண்கள் தலையைத் துவட்டிக்கொண்டார்கள். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

தட்டுச் சத்தம் மட்டும் நிற்கவில்லை. முழங்கால் தண்ணீரில் நின்று அடித்துக்கொண்டே இருந்தாள். பயத்தில் பிள்ளைக்கு என்னமோ ஆகிவிட்டது என்றார் ஒருவர். நான் இறங்கிப்போய்த் தோளைப் பிடித்து, போதும் கண்ணு, நைனா வந்துவிட்டாரே என்றேன். என் கையை உதறினாள்.

“எங்க அண்ணன் இன்னும் வரல டீச்சர்.”

அவன் அக்கரையில் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறான் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தோம். அவன் மட்டம் போட்டுவிட்டு நைனாவோடு படகில் ஏறியதைப் பார்த்தவள் இவள் ஒருத்திதான். ஆண்கள் மறுபடியும் படகுகளைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தார்கள்.

ஏரி கடலோடு சேர்கிற முகத்துவாரப் பக்கம் ஒரு வலைக்கழியைக் கட்டிப்பிடித்துக் கிடந்தானாம். தூக்கிவந்தபோது உதடு நீலம் பாரித்திருந்தது. உயிர் இருந்தது. அவன் கால் மணலில் பட்டதைப் பார்த்த பிறகுதான் அவள் ஸ்கேலைக் கீழே போட்டாள்.

அந்தக் கையைப் பிடித்துக் கரைக்குக் கூட்டிவந்தேன். மணிக்கட்டில் என் ஐந்து விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தன. நான் இன்னும் கொஞ்சம் பலசாலியாக இருந்திருந்தால் அவள் நிறுத்தியிருப்பாள்.