பன்னிரண்டாவது கன்று

சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு என் சித்தி வந்தபோது கொண்டுவந்த சீரில், பாத்திரங்களைவிட ஊர் அதிகம் பேசியது பன்னிரண்டு ஆரஞ்சுக் கன்றுகளைத்தான். வேரில் பாசியைச் சுற்றி, ஈரச்சாக்கில் பொதிந்து, கீழ்மலைப் பாச்சலூரிலிருந்து குளிர் அதிகமான எங்கள் பள்ளங்கிக்குத் தலைச்சுமையாக அவை வந்து சேர்ந்தன. கொடைக்கானலுக்கு மோட்டார் ஓடத் தொடங்கிவிட்ட காலம்தான். எங்கள் ஊருக்கு மட்டும் அவரவர் கால்தான் வண்டி.

பெரியப்பாவுக்குக் கன்றுகளைப் பார்த்ததுமே சிரிப்பு. அவர் தம்பி மனைவியோடு நேரே பேச மாட்டார். சித்தியும் அவரிடம் வாய் திறக்க மாட்டாள். வீட்டு வழக்கம் அப்படி. ஆகவே இருவருக்கும் நடுவில், மூன்றடி தூரத்துக்கு, ஏழு வயதுத் தபால்காரியாக நான் நின்றேன்.

“ஏத்தா, கீழ்மலைச் செடி இந்தக் குளிர் தாங்குமான்னு உங்க சித்திகிட்டக் கேளு. ஐப்பசிக்குள்ள பிடிக்கலேன்னா அந்த எடத்துல உருளைக்கெழங்கு போட்டுருவேன்னும் சொல்லு.”

எல்லாம் காதில் விழுந்திருந்தும், நான் சொல்லி முடிக்கும்வரை சித்தி காத்திருந்தாள். “தாங்கும்னு சொல்லு” என்றாள். பிறந்த வீட்டு மானம் மொத்தமும் அந்தச் சாக்குக்குள் இருந்தது.

மறுநாள் வெள்ளனே எழுந்து நட்டாள். நட்ட கையோடு, உச்சிக் குருத்தை மட்டும் விட்டுவிட்டு, பச்சைப்பசேலென்றிருந்த இலைகளை உருவிப் போட ஆரம்பித்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஏன் என்று கேட்டேன். “அதுக்குத் தாகம் தாங்காதுத்தா” என்றாள். தாகம் என்றால் தண்ணீர் ஊற்றவேண்டியதுதானே? இலை என்ன பாவம் செய்தது? பதினொன்றை மொட்டையடித்துவிட்டு அவள் ஓடைக்குப் போன நேரத்தில், பன்னிரண்டாவதைப் பிடுங்கிக்கொண்டு போய் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் நட்டுவிட்டேன்.

அன்று நல்ல காற்று. ராவுத்தர் கடையிலிருந்து அப்பா வாங்கி வந்திருந்த மிட்டாய் ஜாடி காலியாகக் கிடந்தது. சாண் உயரக் கன்றுக்கு அதைக் கவிழ்த்து வைத்தேன். காலையில் கன்று கொஞ்சமும் வாடவில்லை. ஆனால் கண்ணாடியின் உட்புறமெல்லாம் நீர் முத்து முத்தாக வழிந்துகொண்டிருந்தது. கூடப் பிறந்ததுகளை நினைத்து இரவெல்லாம் அழுதிருக்கிறது என்று முடிவுகட்டி, ஜாடியை எடுத்துவிட்டேன். செம்பு செம்பாகத் தண்ணீர் ஊற்றினேன். மூன்றாம் நாள் இலைகள் தொங்கின. ஐந்தாம் நாள் அப்பளமாக நொறுங்கின.

பெரியப்பாவின் கண்ணில் அதுதான் பட்டது. பிடுங்கிக் கையில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

“எலையோட இருந்ததே செத்துப் போச்சு. மொட்டைக் குச்சியா பிழைக்கப் போகுதுன்னு கேளு.”

சித்தி அந்தச் சருகைப் பார்த்தாள். என்னையும் ஒரு கணம் பார்த்தாள்.

“எலை இருந்ததாலதான் செத்துச்சுன்னு சொல்லுத்தா. உருவ மறந்தது என் தப்புன்னும் சொல்லு.”

ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தேன். பெரியப்பா சருகைக் கீழே போட்டுவிட்டுப் போனார். மறுநாளே விதைக்கிழங்கு மூட்டை கொட்டகைக்கு வந்து சேர்ந்தது.

ஐப்பசி மழைக்கு முந்தின வாரம் பதினோரு குச்சிகளும் துளிர்விட்டன. என்னையும் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொன்றின் முன்னும் குனிந்து பார்த்தார் பெரியப்பா. கடைசியில், “கெட்டிக்காரின்னு சொல்லு” என்றார். நான் கொண்டுபோய்க் கொடுத்த செய்திகளில் அதைப்போல் ஓடிக் கொடுத்தது வேறில்லை.

ஜாடியில் வழிந்தது அழுகையல்ல, வேர் இழுத்து இலை வெளியே விட்ட தண்ணீர் என்பது பள்ளிக்கூடத்தில் படித்தபோது விளங்கியது. பிடுங்கியதில் அறுந்துபோன வேரால் அத்தனை இலைக்கும் ஈடுகொடுக்க முடியாது. எழுத்தே தெரியாத என் சித்திக்கு இது தெரிந்திருந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மற்றது விளங்க இன்னும் பல வருடங்கள் ஆயின. சித்தி நிஜமாகவே மறந்துவிட்டாள் என்றே நம்பி, அவள் மறதிக்காகப் பரிதாபப்பட்டும் இருக்கிறேன். வரிசையில் இருந்த கன்று கொட்டகைக்குப் பின்னால் எப்படிப் போனது என்று பெரியப்பா கேட்கவில்லை, சித்தியும் சொல்லவில்லை. அந்த மூன்றடி தூரத்தில், அது என் வேலை என்று இருவருக்குமே தெரிந்திருந்தது; அவர்களுக்குத் தெரியும் என்பதுதான் தபால்காரிக்குத் தெரியவில்லை.