இவரும் 'கோள்' என்று போட்டார்

கிளமெண்ட் யாரையும் மறுத்துப் பேசி நான் கேட்டதில்லை. கோலார் தங்க வயலில் எங்கள் லைன் வீடுகளில் அதற்காகவே அவருக்கு நல்ல பெயர். எனக்கு மட்டும் எரிச்சலாக இருக்கும். "ஒரு தடவையாவது வாயைத் தொறந்து எதுத்துப் பேசுய்யா" என்பேன். "இன்னாத்துக்குப்பா வம்பு" என்பார்.

தினமும் மாரிக்குப்பம் ரயிலில் பெங்களூர் போவார். அங்கே ஓர் ஆய்வுக்கூடத்தில், தூரத்து நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்களைத் தேடுகிற ஒப்பந்த வேலை. ஒரு நட்சத்திரத்துக்குக் குறுக்கே அதன் கோள் போனால் வெளிச்சம் துளி குறையும். கம்ப்யூட்டர் வரைந்து தருகிற கோட்டில் அந்தச் சரிவைத் தேட வேண்டும். மங்கலான நட்சத்திரம் என்றால் கோடு முழுக்க நடுக்கம். எது சரிவு என்று மெஷினே குழம்பும். அதனால் ஒவ்வொன்றையும் இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து 'கோள்' அல்லது 'இல்லை' என்று போட வேண்டும் என்பது விதி. கிளமெண்டுக்கு ஜோடி, அதே ரயிலில் வருகிற வினோலியா.

அவள் ரயிலிலேயே லேப்டாப்பைத் திறந்துவிடுவாள். பக்கத்து சீட்டிலிருந்து இவர் ஓரக்கண்ணால் பார்த்து, அவள் போட்டதையே தானும் போடுவார். முதலில் சந்தேகமானவற்றுக்கு மட்டும். அப்புறம் எல்லாவற்றுக்கும். இப்படியே நாலு மாதம் ஓட்டிவிட்டார் மனுஷன்.

போன மாதம் ஒரு மங்கல் நட்சத்திரத்துக்கு வினோலியா தயங்கித் தயங்கி 'கோள்' என்று போட்டாள். இவரும் 'கோள்'. இருவரும் ஒத்துப்போனதால் பெரிய தொலைநோக்கியை அங்கே திருப்பினார்கள். கோள் இல்லை. பக்கத்தில் ஒன்றையொன்று மறைத்துச் சுற்றும் இரண்டு நட்சத்திரங்களின் வெளிச்சம் இதில் கலந்திருந்தது.

மேலதிகாரி சுனிதா மேடம் இருவரையும் கூப்பிட்டார். வினோலியா முந்திக்கொண்டாள்: "எனக்கே டவுட்டுதான் மேடம். கிளமெண்ட் அண்ணாவும் அதையே போட்டாரு, அப்பதான் தைரியம் வந்துச்சு. அவரு பாத்தா கரெக்டா இருக்கும்."

அந்த நிமிஷம் காது வரைக்கும் சுட்டது என்றார் கிளமெண்ட் என்னிடம். தலையைக் குனிந்தபடி மேடத்திடம் சொல்லியிருக்கிறார்: "நான் பாக்கல மேடம். நாலு மாசமா எதையுமே பாக்கல. இவங்க போட்டத பாத்துப் போட்டேன்."

மேடம் திட்டவில்லை. அத்தனையையும் முதலிலிருந்து பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், வெட்கத்தில் செத்தேன் என்றார் கிளமெண்ட்.

திரும்புகிற ரயிலில் ஒயிட்ஃபீல்டு தாண்டியதும் வினோலியா லேப்டாப்பை மூடினாள். பிறகு, கோபமே இல்லாமல் கேட்டாள்:

"அப்போ இவ்ளோ நாளும் நான் ஒண்டியாத்தான் பாத்துனு இருந்தேனா அண்ணா?"